பனியன் மடிப்பில் ஒரு சேலை

பாய்,

அம்மாவின் டிரங்குப் பெட்டியை இன்றுதான் திறந்தேன். அவள் போன பிறகு அதைத் தொட மனம் வரவில்லை. பாச்சா உருண்டை வாசத்தோடு மேலேயே கிடந்தது, நீங்கள் அன்றைக்குக் கொண்டுவந்த அரக்குச் சேலை. இத்தனை வருடம் கழித்தும் அது சேலை மாதிரி மடிந்திருக்கவில்லை. இரண்டு ஓரமும் உள்ளே போய், அடிப்பாதி மேலே ஏறி, பெட்டியில் அடுக்கப்போகும் பனியனைப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிடந்தது. முதலில் சிரித்துவிட்டேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நம் லைன் வீட்டில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் மலையாளம், இந்தப் பக்கம் தெலுங்கு, குழாயடியில் திருநெல்வேலிக்காரம்மாவின் சண்டை. "எல்லா ஊர்க்காரனும் திருப்பூர்ல இருக்கறான், திருப்பூர்க்காரன் எங்கீங்க போனான்?" என்று அப்பா உங்களிடம் கேட்டுச் சிரிப்பார். அவ்வளவு கூட்டத்தில் வளர்ந்தேன். ஆனால் தீபாவளி, பொங்கல் என்று நோம்பி வந்தால் அத்தனை பேரும் பூட்டுப் போட்டுவிட்டு அவரவர் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். மிஞ்சுவது நாங்களும், பக்கத்து அறையில் நீங்களும்தான். அம்மா சாதி விட்டு அப்பாவைக் கட்டிக்கொண்டவள். காங்கேயத்துப் பக்கம் அவள் பிறந்த வீட்டில் அவளுக்குத் தலை முழுகிவிட்டார்கள். உங்களுக்கும் ஊர் காங்கேயம்தான். "ஊட்டுக்காரி போனதுக்கப்பறம் அங்க யாரு இருக்கறாங்க கண்ணு" என்பீர்கள். வெறிச்சென்று கிடக்கும் வாசலில் நான் தாயம் ஆடுவேன். எதிராளிக்கும் நானே கட்டை உருட்டுவேன். பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளைகள் மாமன் ஊட்டுக் கதை சொல்லும்போது, எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

நான் பெரியவளானபோது அம்மா முதல்முறையாக உடைந்துபோனாள். தாய்மாமன் சீர் வராமல் ஒரு பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றினால் ஊர் என்ன சொல்லும்? ஊரை விடுங்கள், அவளுக்கே ஆறவில்லை. அப்பா போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. "ஒரு சேலையாச்சும் குடுத்து உட மாட்டானா எங்கண்ணன்" என்று அவள் புலம்பியது சுவரைத் தாண்டி உங்களுக்குக் கேட்டிருக்கிறது.

மறுநாள் நீங்கள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுக் காங்கேயம் போனீர்கள். அந்த வீட்டு வாசல்வரை போனீர்களா, அங்கே என்ன பேச்சு வாங்கினீர்கள், ஒருவருக்கும் சொன்னதில்லை. சாயங்காலம் தாம்பாளத்தில் தேங்காய், பழம், பூ, நடுவில் இந்தச் சேலையோடு வந்து நின்றீர்கள்.

"உங்கண்ணன் குடுத்து உட்டாருங்க அம்மிணி. தோட்டத்துல வேலையாமாங்க, வர முடியிலீங்களாமா."

லைன் பெண்கள் எல்லாருக்கும் பனியன் கம்பெனி வேலை. நீங்கள் மடிப்புப் பிரிவில் காலமெல்லாம் நின்றவர். கடையில் வாங்கிய கையோடு, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று வேலைப் பழக்கத்தில் பிரித்துப் பார்த்திருக்கிறீர்கள். பார்த்தவர் சும்மா இருக்காமல் பனியனைப் போல மடித்தும் வைத்திருக்கிறீர்கள். ஐயோ பாய், பொய் சொல்ல வராதவருக்கு இந்த வேலை எதற்கு!

திருநெல்வேலிக்காரம்மா, "ஏட்டி, இது நம்ம கம்பெனி மடிப்புல்லா..." என்று ஆரம்பித்தாள். அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அந்த வாய் அதோடு மூடிக்கொண்டது.

"எங்கண்ணனுக்கு இந்த நெறம்னா உசுருங்க" என்றாள் அம்மா, உங்கள் முகத்தைப் பார்த்தே. "ஆமாங்க, அவரும் அதைத்தானுங்க சொன்னாரு" என்று தலையாட்டினீர்கள். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் நான் மனையில் உட்கார்ந்தேன். அவிழ்த்ததும் அம்மா அதை அதே மடிப்பில் மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

அன்றைக்கே உங்களை மாமா என்று கூப்பிடப் போனேன். அம்மா கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். "கூப்பிட்டீனா நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்கு வெளங்கீரும் கண்ணு. நாம நம்பீட்டம்னு நெனைச்சுட்டு அந்த மனுசன் சந்தோசமா இருக்கட்டும்." அதனால் கடைசிவரை பாய் என்றே கூப்பிட்டேன். ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் ஒற்றைத் தட்டுச் சத்தம் கேட்கும். இந்தப் பக்கம் நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன். ஒரு சுவர், ஒரு சொல். எனக்கு அது தாங்காது.

போன வருடம் நீங்கள் தவறியபோது ஜமாத்துக்காரர்கள் உங்களைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றோம். "யாரு இந்தப் பொண்ணு?" என்று யாரோ கேட்க, "பக்கத்து ஊட்டுப் புள்ளைங்க" என்று யாரோ பதில் சொன்னார்கள்.

இப்போது அம்மா. அவளைக் கிடத்தியிருந்தபோது சடங்கு செய்ய வந்த பெரியவர், "பொறந்த ஊட்டுக் கோடி போட ஆளு வந்தாச்சுங்களா?" என்று கேட்டார். கூடப் பிறந்தவன் கோடித் துணி போர்த்தாமல் எங்கள் பக்கம் ஒரு பெண்ணை எடுக்க மாட்டார்கள். காங்கேயத்துக்குச் சேதி போயிருந்தது. யாரும் வரவில்லை.

நான் எழுந்தேன். "எங்க மாமன் போன வருசமே தவறிட்டாருங்க. இருந்திருந்தா மொத ஆளா வந்து நின்னிருப்பாருங்க."

"அப்பறம் என்ன சாமி, மாமனுக்குப் பதிலா நீயே போடு" என்றார் பெரியவர்.

போட்டேன், மாமா. இத்தனை வருடம் நாக்கு நுனியில் வைத்திருந்ததை ஊரறியச் சொல்லிவிட்டேன். கேட்கத்தான் நீங்கள் இரண்டு பேரும் இல்லை.