கல்யாண் ஆற்றங்கரையில் நீ சொன்ன சொல்

தாராவி,
மார்ச் 1967

ஷ்யாமளா,

நீ என்னைக் கூலிக்காரனாக்கிவிட்டாய்.

உங்கள் மாட்டுங்காவில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்துதானே ஞாயிறுதோறும் ரயிலேறிக் கல்யாண் ஊருக்குப் போனோம்? டிக்கெட் வாங்கும்போதெல்லாம், "நமக்குத்தான் வாராவாரம் கல்யாணம்" என்று சிரிப்பாய். கடைத்தெருவைத் தாண்டினால் ஆற்றங்கரைப் பாதை. மேடு பள்ளம் கிடையாது. உன் மெல்லிய செருப்புக்குத் தோதான பாதை. அங்கே என் கையைப் பிடித்து நடந்தவள் நீதான்.

நேற்று உன் சித்தப்பா பஞ்சாபகேசன் மூச்சிரைக்க எதிரே வந்தார். கையில் கறுப்புச் சந்தை அரிசிப் பை.

"யாருடி இவன்?"

"நம்ம ஆள்தான், சித்தப்பா."

எங்கள் தாராவிப் பேச்சில் ஆள் என்றால் மனதுக்குப் பிடித்தவன். நான் மகிழ்ந்துபோனேன், முட்டாள். உங்கள் வீட்டில் அதற்கு எடுபிடி என்று அர்த்தம்.

"நல்லதாப் போச்சு. இதைத் தூக்கிண்டு வாடா. போலீஸ் கேட்டா உன்னுதுன்னு சொல்லு."

பையை என் தலையில் ஏற்றினார். நீ ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாய். ரயிலில் அவரோடு வேறு பெட்டியில் ஏறினாய்.

பயந்துவிட்டேன் என்று எழுதாதே. போலீஸ் பிடித்திருந்தால் ஜெயிலுக்குப் போகிறவன் நான். ஸ்டேஷன் வாசலில் அந்தப் பையோடு போலீஸ்காரனைக் கடந்து வந்தவனும் நான்தான்.

மன்னிப்பும் வேண்டாம். இன்றைக்கே சித்தப்பா முன்னால் போய் நின்று என் பெயரைச் சொல். இவரைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொல். சொல்வாயா, மாட்டாயா?

இன்னும் உன்னவன்