பெருக்கித் துடைத்த கடை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நரை எட்டிப் பார்க்கும் வயதில் உன்னைப் பாப்பா என்கிறேனே என்று மாப்பிள்ளை சிரித்தால் சிரிக்கட்டும். போனில் நீ கடையைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் எல்லாம் சரியாகிவிடும் என்று மழுப்பிக்கொண்டிருந்தேன், இப்போதுதான் விவரமாகச் சொல்லத் தைரியம் வந்திருக்கிறது. மாடியில் குழாய் வெடித்து நம் தையல் கடைக்குள் தண்ணீர் கொட்டியது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய அந்த வாரங்கள்தான் நமக்கு வருஷச் சாப்பாடு என்பதும் தெரியும். சீருடைத் துணி குவிந்து கிடக்கும், நீ அதன் மேலேறித் தூங்கிவிடுவாய், உன்னை எழுப்ப மனமில்லாமல் அப்பா வேறு கட்டைப் பிரித்து வெட்டுவார். வீட்டில் படுக்கவைத்தால் முழித்துக்கொள்வாய், கத்தரிக்கோல் சத்தம் கேட்டால்தான் உனக்குத் தூக்கமே வரும். பள்ளி திறக்கிற அன்று கடை வாசலில் நின்று, போகிற பிள்ளைகளைக் காட்டி இது நம்ம சட்டை, அதுவும் நம்ம சட்டை என்று மானத்தை வாங்குவாய். இந்த வருஷம் யார் யாரோ தைத்த சட்டைகள் போனதை நானும் அப்பாவும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நனைந்த துணிக்கு இன்சூரன்ஸில் பேச்சில்லாமல் கொடுத்துவிட்டார்கள். கடை மூடிக் கிடந்ததால் போன வருமானத்துக்கும் பாலிசியில் இடமுண்டு, அதில்தான் சிக்கல், அதுவும் நான் இழுத்துவிட்டது. பார்வையிட ஆள் வருகிறார் என்றதும் எனக்குக் கை சும்மா இருக்குமா? நானும் பட்டன் வைக்கிற அக்காவும் கடையைக் கழுவி, மெஷின்களைத் துடைத்து, நாற்காலிக்குப் புது உறைகூடப் போட்டுவிட்டோம். தண்ணீர் புகுந்து மோட்டார் ஒன்றும் ஓடவில்லை, அதை அவரே கேட்டுத் தெரிந்துகொள்வார் என்று இருந்தேன், வந்த மனுஷரிடம் வாசலிலேயே புலம்புவதா? அவர் காபியைக் குடித்தார், போட்டோ எடுத்தார், அன்றிலிருந்தே கடை வேலைக்குத் தயார் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதுவரைக்கும்தான் நஷ்டமாம், மீதி சீசன் நாங்கள் வேண்டுமென்றே மூடி வைத்ததாம். அதற்குக் கையெழுத்துப் போட்டால் கடையை விற்பதைத் தவிர வழியில்லை. அப்பா வெட்டுமேசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நீ பணம் அனுப்புகிறேன் என்றது அவருக்கு இன்னும் வலித்தது, தப்பாக நினைக்காதே.

அப்புறம் நான்தான் அவரையும் இழுத்துக்கொண்டு இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். அங்கே பெரிய அதிகாரி போட்டோவைக் காட்டினார், கடை பளபளவென்று இருந்தது, எனக்கே பெருமையாக இருந்தது போ. "பார்க்க நல்லாத்தான் சார் இருக்கும். நீங்களே வந்து ஒரு மெஷின்ல உக்காந்து மிதிச்சுப் பாருங்க" என்றேன். மறுநாள் வந்து மிதித்தார். மோட்டார் முனகியது, ஊசி அசையவில்லை. எல்லா மெஷினிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தார். இரவல் மெஷினில் வீட்டிலேயே கொஞ்சம் தைத்தோம், அந்தக் கூலியைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று நானே சொன்னேன், அப்பா என் காலை மிதித்தார். அதைக் கேட்ட பிறகுதான் அதிகாரியின் முகம் இளகியது. அப்படியும் பாதி சீசன் என்றார், நான் புது மோட்டார் வருகிற நாள் வரைக்கும் என்று பிடித்த பிடியை விடவில்லை, கடைசியில் ஒத்துக்கொண்டார். கிளம்பும்போது, "இனிமே யாராவது பார்க்க வந்தா பெருக்காதீங்கம்மா" என்று சிரித்தார். கடை திறந்தாகிவிட்டது, அப்பாவின் கத்தரிக்கோல் சத்தமும் திரும்பிவிட்டது.

அந்த அதிகாரி சொன்னதுதான் மனதை விட்டுப் போகவில்லை. நீ போனதிலிருந்து உன் அறையைத் தினமும் பெருக்கித் துடைத்து, விரிப்பு மாற்றி வைக்கிறேன். எட்டிப் பார்க்கிறவர்கள் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நீ கேட்டாலும் நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்றுதான் சொல்கிறேன், அதுவும் துடைத்து வைத்த பேச்சுதான். உன்னை ரொம்பத் தேடுகிறது, பாப்பா.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். குளிர்கோட்டில் பட்டன் அறுந்துவிட்டது என்றாயே, அங்கே யாரிடமும் கொடுத்துத் தைத்துவிடாதே. அறுந்தபடியே கொண்டு வா.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா