ஏரியில் மீன் பேன்

2 மார்ச் 2025, ஞாயிறு
அருள்தாஸ் எங்கள் ஏரியைக் கெடுத்துவிட்டான். அவனுடைய மீனவர் சங்கம் ஏரியில் மீன் குத்தகை எடுத்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. மார்கழியில் எங்கிருந்தோ கட்லா, ரோகு குஞ்சுகளை வாங்கிவந்து விட்டான். கூடவே மீன் பேனும் வந்துவிட்டது. இன்று மதகருகே ஒரு விரால் கல்லில் உடம்பைத் தேய்த்துப் புரண்டுகொண்டிருந்தது. பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். செதிலோடு செதிலாக, தட்டையாக, கண்ணாடி போல. இரண்டு கரும்புள்ளிக் கண்கள். பதினேழு எண்ணினேன். உறிஞ்சிய இடமெல்லாம் புண். இந்த ஏரியின் மீன்களை நாற்பது வருடமாக எழுதி வருகிறேன். முப்பத்தொரு வகை. பேன் என்று ஒருமுறைகூட எழுதியதில்லை.

3 மார்ச்
காஞ்சிபுரம் மீன்வளத்துறை அலுவலகம் போய் மனு கொடுத்தேன். அருள்தாஸ் விட்ட குஞ்சில்தான் பேன் இருந்தது என்று மூன்று பக்கம். கீழே சடையப்பன், விவசாயி.

10 மார்ச்
விசாரணை முடியும்வரை வலை போடத் தடை. ஜெயித்தேன்.

11 மார்ச்
அருள்தாஸ் கரையில் வழிமறித்தான்.
"இன்னா பெரியவரே, பதினாலு குடும்பம் வலைய மடிச்சி வச்சிக்கினு குந்திக்கீது. எங்க குஞ்சுல பேன் இருந்தத நீங்க பாத்தீங்களா?"
பக்கத்தில் அவன் மனைவி மலர்க்கொடி: "லென்ஸ் வச்சிக்கினு சுத்தறவரு, அவரு கொட்ன கோயில் மீனயும் கொஞ்சம் பாக்கறதுதானே?"
என்ன வாய்! தை கும்பாபிஷேகத்துக்காக அம்மன் குளத்தைத் தூர்வாரினார்கள். அந்த மீனை ஊரில் யாரும் தின்பதில்லை. சாக விடுவதும் பாவம். ஆறு டிரம்மில் ஏற்றி, நான்தான் முன்னால் நின்று ஏரியில் விட்டேன். பக்தர் போட்ட பொரி தின்று வளர்ந்த மீன். அதற்கா பேன்?

13 மார்ச்
அவள் சொன்னது உறுத்திக்கொண்டே இருக்கிறது. உட்கார முடியவில்லை. ஏன் உறுத்த வேண்டும்? கோயில் மீன் எவ்வளவு சுத்தம் என்று அதிகாரிக்கே காட்டிவிடுகிறேன்.

14 மார்ச்
பூசாரி சுப்பிரமணி, குளம் நிரம்பியதும் விடலாம் என்று அம்மன் குளத்துக் கெண்டை நான்கைக் கோயில் சிமென்ட் தொட்டியில் வைத்திருக்கிறார். அதில் ஒன்று கேட்டேன்.
"எடுத்துக்கினு போ நைனா. சூடு போல, செவுத்துல ஒரே தேச்சிக்கினு கீது."
தொட்டியருகிலேயே லென்ஸ் வைத்துப் பேனை எண்ணினேன். இருபத்துமூன்று. தொட்டிச் சுவரில் வரிசை வரிசையாக முட்டை.
இந்த மீன் ஏரியைப் பார்த்ததே இல்லை.
அப்போ நான்தானா? ஆறு டிரம்மு — ஒன்னுத்தயாவது பாத்தனா? அம்மன் மீனுன்னு கும்புட்டுட்டு கொட்டிட்டு வந்தேன். இன்னாத்துக்கு எனக்கு லென்சு?

15 மார்ச்
அவன் குஞ்சிலும் இருந்திருக்கலாமே என்று காலை முழுவதும் எனக்கு நானே வாதாடினேன். இருந்திருக்கலாம். ஆனால் அதை நான் பார்க்கவில்லை. பார்த்தது போல எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

16 மார்ச்
எழுபத்திரண்டு வயதில் இன்றுதான் அருள்தாஸ் தெருவுக்குள் போனேன். நின்றபடியே சொன்னேன். மலர்க்கொடி சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, நாற்காலி எடுத்துப் போட்டாள்.
"எங்கிட்ட சொல்லிட்டீங்க, சரி," என்றான் அவன். "மனுவுல கீறத யாரு மாத்துவா?"
பூச்சிமருந்து ஊற்றிப் பேனைக் கொன்றுவிடலாம் என்றும் சொன்னான். இறாலும் பொடிமீனும் சேர்ந்து சாகும், ஒரு சொட்டு விழக்கூடாது என்றேன். அதில் விட்டுக்கொடுக்கவில்லை.

17 மார்ச், திங்கள்
முதல் பஸ்ஸில் காஞ்சிபுரம் போய் மனுவைத் திரும்பப் பெற்று, தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுக்க வேண்டும் — நான்.
இந்த வாரமே தடையை நீக்க வேண்டும் — அதிகாரி. பேன் பிடித்த மீனை முதலில் வெளியே எடுக்க வேண்டும். அதற்கு வலை வேண்டும்.
ஏரியில் மூங்கில் தட்டிகள் நட்டு, பேன் அதில் முட்டையிட்டதும் வாரம் ஒருமுறை பிடுங்கி வெயிலில் காயப்போட வேண்டும் — அருள்தாஸ் சங்கம். மூங்கில் என் தோப்பிலிருந்து.
தொட்டியைக் காலிசெய்து சுண்ணாம்பு அடிக்க வேண்டும், அந்த நான்கு கெண்டையையும் உப்புத் தண்ணீரில் முக்கிப் பேன் எடுக்காமல் குளத்தில் விடக்கூடாது — சுப்பிரமணி.
ஊர்க் கூட்டத்தில், அருள்தாஸை எதிரில் உட்காரவைத்து, எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும் — நான். எனக்காக வேறு யாரும் சொல்லக்கூடாது.