தொழில் என்ற கட்டம்

14.9.1976, செவ்வாய்

மகளின் பள்ளிக்கூடப் படிவத்தில் தகப்பனின் தொழிலைக் கேட்டிருந்தார்கள். “ஆர்க்கிடெக்ட் எண்டு போடுங்கோ” என்றாள் மனைவி சரோஜா. நான் படவரைஞர் என்று எழுதினேன்.

“கொழும்பில நாலு மாடி ஆசுப்பத்திரிக்குப் பிளான் கீறினது ஆர்?”

“நான்தான். ஆனால் இங்க கனடாவில, ஒன்ராறியோ மாகாணத்தில சோதினை பாஸ் பண்ணிப் பதிஞ்சால்தான் அந்தப் பேரைப் போடலாம். இல்லாட்டிச் சட்டப்படி குற்றம்.”

இன்று நான் வரைந்த நூலகக் கட்டடப் படத்துக்கும், பதிவுபெற்ற ஆர்க்கிடெக்டான என் முதலாளிதான் கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். அதை அவளிடம் சொல்லவில்லை.

“சோதினை எப்ப?”

“வைகாசியில. இந்தமுறையும் எழுதாமல் விடுவமோ எண்டு யோசிக்கிறன்.”

அவள் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, அலுமாரிக்கு மேலே கிடந்த என் பரீட்சைப் புத்தகங்களை இறக்கி மேசையில் வைத்தாள்.

இரண்டு பக்கம் படித்தேன். மிச்சம் நாளைக்கு.