சாம்பிராணி போட்ட வண்டி

தென்காசி,
விளம்பி வருஷம், ஆடி வெள்ளிக்கிழமை

அண்ணாச்சி அவர்களுக்குத் தங்கை இராமலட்சுமி வணக்கமாக எழுதுவது.

இங்கே எல்லாரும் இருக்கிறோம். கோயம்புத்தூரில் நீங்களும் மதினியும் மருமகன் தில்லைநாயகமும் சுகமாக இருக்க உலகம்மாள் துணை செய்யட்டும்.

வைகாசியில் உங்கள் கடையம் வீட்டு வாசலில் உங்கள் பழைய கார் எங்கள் கைக்கு மாறியபோது நின்றவர்கள்: நீங்கள், சொக்கம்மாள் மதினி, உங்கள் டிரைவர் நல்லக்கண்ணு, உங்கள் மைத்துனரும் என் வீட்டுக்காரருமான இவர்கள், நான், ஆரத்தித் தட்டோடு என் மகள் சண்முகசுந்தரி. வேறு யாரும் கிடையாது. அன்று நடந்ததை நான் உங்களைத்தான் கேட்க முடியும். ஆவணியில் உங்கள் மகன் தில்லைநாயகத்துக்குச் சண்முகசுந்தரியைக் கொடுப்பதா வேண்டாமா என்பது வரைக்கும் பேச்சு முற்றிவிட்டது.

நாங்கள் பஸ்ஸில் வந்து இறங்கும்போதே வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தீர்கள். "நேத்துலேருந்து ஸ்டார்ட்டே பண்ணலைம்மா, ஒங்க கை படட்டும்னு வச்சிருக்கு" என்றான் நல்லக்கண்ணு. நீங்கள் பக்கத்தில் நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தீர்கள். நான் பானெட்டில் சந்தனம் வைத்தேன். வைத்த கையோடு காய்ந்து உதிர்ந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். வண்டி நின்றதோ வேப்பமர நிழலில்.

இவர்கள் பானெட்டைத் திறந்து பார்க்கப் போனார்கள். மதினி விடவில்லை. "என்ன அண்ணே, மாலை போட்ட வண்டிய வயித்தக் கீறியா பாப்பாக? சந்தேகத்த மனசுல வச்சுக்கிட்டு சாமி கும்பிடுதீயளே" என்றாள். பூசை முடிந்த வண்டியைப் பிரிக்கக்கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். அதனால் நானும் இவர்கள் கையைப் பிடித்து இழுத்தேன். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மதினி தூபக்காலில் சாம்பிராணியை அள்ளிப் போட்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். வண்டிக்கு முன்பக்கம்தான் தூபம் காட்டிப் பார்த்திருக்கிறேன். கண் எரிகிற அளவு புகை. அதில் எது சாம்பிராணி, எது எஞ்சின் என்று யார் கண்டது?

ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு, சீசனுக்கு ஸ்டேஷனிலிருந்து அருவிக்கு ஆள் ஏற்ற இவர்கள் இறங்கினார்கள். முதல் மழைக்கே தெரிந்துபோயிற்று. விருதுநகரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஐந்தருவி மேட்டில் ஏற்றும்போது, பின்னால் நீலப்புகையாகக் கக்கி, டொக் டொக்கென்று அடித்து நின்றுவிட்டது. பிள்ளைத்தாய்ச்சிப் பெண் சாரலில் நனைந்துகொண்டே நடந்து போனாள். இப்போது ஸ்டாண்டில் இவர்களைக் கண்டாலே, "ஏலே, சாம்பிராணி வண்டி வருது, கன்னத்துல போட்டுக்கிடுங்க" என்கிறார்களாம். வீட்டுக்கு வந்தால் என்னிடம், "ஒங்க அண்ணன் வண்டிக்கா சாம்பிராணி போட்டான்? எனக்குல்லா போட்டான்" என்கிறார்கள்.

மோட்டார் புத்தகம் ஒன்று வாங்கி வந்தார்கள். எழுத்துக்கூட்டி நானே முழுவதும் படித்தேன். பழைய வண்டி வாங்குகிறவன் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போய்ப் பார்க்க வேண்டுமாம். சூட்டில் எந்த எஞ்சினும் நல்ல எஞ்சின் மாதிரிதான் ஓடுமாம். ஹேண்டில் மாட்டிக் கையால் சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் எதிர்த்துத் தள்ள வேண்டுமாம். விடியக்காலையில் இவர்களைச் சுற்றச் சொல்லிவிட்டு நானும் கை கொடுத்துப் பார்த்தேன். மூன்று தள்ளியது. ஒன்று செத்துக் கிடந்தது. பட்டறையில் பிரித்தபோது வடிந்த ஆயில் விளக்கெண்ணெய் மாதிரி இருந்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்த சத்தம் வெளியே கேட்காமலிருக்க யாரோ கெட்டி ஆயிலை வேண்டுமென்றே ஊற்றியிருக்கிறார்கள் என்று பட்டறைக்காரர் சொன்னார். யார் என்று இவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

அன்றைக்கே, அந்த வீட்டுக்குப் பெண் கிடையாது என்றுவிட்டார்கள். நான்தான் சண்டை பிடித்தேன். எல்லாம் டிரைவர் பயலுடைய வேலை, அண்ணாச்சிக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும், ஒரு இரும்புக்காக உறவை அறுப்பதா என்றெல்லாம் வாதாடினேன். சண்முகசுந்தரிக்கு இது எதுவும் தெரியாது. கூறைப்புடவைக்கு அரக்குக் கரைதான் வேண்டும் என்று என்னிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

நேற்று அவளுக்குத் தலை பின்னும்போது எனக்கு வேறொன்று தோன்றியது. அதற்கப்புறம் இவர்களிடம் உங்களுக்காக நான் வாதாடவில்லை.

சித்திரையில் கோயம்புத்தூர் மில்லிலிருந்து நிச்சயத்துக்கு வந்தபோது தில்லைநாயகம் கோயிலில் பிரகாரம் சுற்றவில்லை. கொடிமரத்துப் பக்கம் இருமிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சுகமா மருமகனே என்று கேட்டேன். அவன் வாயைத் திறக்குமுன் மதினி, "மில்லு பஞ்சு தொண்டையில நிக்கி, வேற ஒண்ணுமில்ல" என்றாள். சாப்பிடும்போது அவனுக்கு மட்டும் தனித் தம்ளர் வைத்தாள். மாப்பிள்ளைக்கு மரியாதை என்று சந்தோஷப்பட்டேன். வைகாசியில் காரை விற்ற கையோடு வீட்டைப் பூட்டிக்கொண்டு நீங்கள் எல்லாரும் அவனிடம் போய்விட்டீர்கள். ஏன் என்று சொல்லவில்லை.

வைத்தியத்துக்குத்தான் பணம் தேவைப்பட்டது என்றால், கேட்டிருந்தால் கழுத்தில் கிடப்பதைக் கழற்றித் தந்திருப்பேன். இந்த வண்டியைத் தந்திருக்க வேண்டாம்.

வண்டியைப் பற்றி இனி உங்களுக்கு எழுதமாட்டேன். அது எங்கள் தலையில் எழுதினது. ஆனால் என் மகளையும் புகையில் நிறுத்திவிடாதீர்கள். இவர்களிடம் இதை இன்னும் சொல்லவில்லை. உங்கள் பதிலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தில்லைநாயகம் என் இடுப்பில் வளர்ந்த பிள்ளை. அவனுக்குத் தீர்க்காயுசு கொடு என்றுதான் இன்றைக்கும் அம்மன் சந்நிதியில் விளக்குப் போட்டேன். சண்முகசுந்தரிக்கும் அதையேதான் கேட்டேன்.

டாக்டர் அவனுக்கு என்ன என்று சொன்னார்? மதினியை எழுதச் சொல்லாமல் உங்கள் கையாலேயே, உடனே பதில் போடவும்.

தங்கை,
இராமலட்சுமி