இருபத்தேழாவது அடுப்பு

ஜூன் 3

எங்கள் தெருவில் இன்றோடு இருபத்தாறு வீடுகளில் புகைபோக்கி அடுப்பு. மண் குழைத்துக் குழைத்து நகமெல்லாம் களிமண். கூட்டத்தில் நர்ஸம்மா என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "இந்தம்மா இல்லன்னா ஒரு வீட்லயும் அடுப்பு மாறியிருக்காது." எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மீதி இருப்பது ஒரே வீடு, என் ஓரகத்தியுடையது. அவளைக் கூட்டத்துக்குக் கூப்பிடாதது யார்? நான்தான். பாகம் பிரித்து முன்வீடு எங்களுக்கு, பின்வீடு அவர்களுக்கு என்று ஆனதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. நடுவில் ஓர் ஆள் நடக்கிற சந்துதான்.

ஜூன் 9

"குழாய் கூரைக்கு மேல மூணு அடி போகணும்" என்று வீடு வீடாகத் தொண்டை கிழியக் கத்தியவள் நான். என் வீட்டில் மட்டும் சுவரில் ஓட்டை போட்டுச் சந்துக்கு விட்டிருக்கிறேன். நேர் எதிரே அவளுடைய ஒரே ஜன்னல். மறந்துவிட்டேனா? இல்லை. இங்கேயாவது ஒத்துக்கொள்கிறேன்.

ஜூன் 17

என் இருமல் நின்றுவிட்டது.

ஜூன் 24

சாப்பிடும்போது இவர் சொன்னார்: "தம்பி பொண்ணுக்கு மூச்சு இழுக்குதாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க."

"அவ அடுப்புப் புகைதான், வேற என்ன" என்றேன். வாய் கூசவில்லை எனக்கு.

ஜூன் 28

ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டாள். என் புகைக்குப் பயந்து. உள்ளே அந்தப் பழைய விறகடுப்பு, ரெண்டு வயசுக் குழந்தை. இனிமே புகை எந்த வழியா வெளிய போகும்? பாவி, என்னடி பண்ணிட்ட — யாரைத் திட்டுகிறேன், அவளையா?

ஜூலை 1

கொத்தனாரை வரவழைத்துக் குழாயைக் கூரைக்கு மேல் ஏற்றினேன். "மொதல்லயே இப்படி வெச்சிருக்கலாமேம்மா, உங்களுக்குத் தெரியாததா?" என்றார். சந்துக்கு அந்தப் பக்கம் குழந்தை இருமிக்கொண்டே இருந்தது.

ஜூலை 2

சுத்தியலும் உளியுமாக அவள் வாசலில் போய் நின்றேன். குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. "தெரிஞ்சேதான் வெச்சேன்" என்பது மட்டும் வந்தது.

சுத்தியலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"தெரியும்க்கா. உள்ள வராதீங்க. வெளிய நின்னே உடைங்க."

உடைத்தேன்.

ஜூலை 11

இன்னும் ஓர் அடுப்புக்கு மண் குழைத்து, ஈரச்சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறேன். தினமும் தண்ணீர் தெளிக்கிறேன். அவள் கூப்பிடவில்லை.