பின்சீட்டில் அரிசி மூட்டை

ஜூன் 19, வியாழன்

காலையிலிருந்து சாரல். கொடியில் துணி காயவில்லை. இவரைக் கால் பயிற்சிக்குக் குற்றாலம் கூட்டிப்போகும் நாள். வண்டியில் கூட்டிப்போகும் கொழுந்தனாருக்கு இன்றும் வேலையாம். "மதினி, நாளைக்குப் பாப்பமா?" நாளை நாளை என்றே இந்த வாரம் போச்சு. வாதம் வந்த இடது கால் மறுபடி விறைக்கிறது. எரிச்சல். கரண்ட் ஸ்கூட்டர் வாங்கிவிடுவது. லைசென்ஸ்தான் என்னிடம் இருக்கிறதே.

மாலை தென்காசியில் மூன்று கடை.
– அறுபதாயிரத்துக்குள்: மெதுவாகப் போகும், லைசென்ஸ் வேண்டாம். ஓர் ஆள், ஒரு காய்கறிப் பை.
– லட்சத்தை ஒட்டி: இரண்டு பேர், மேடு ஏறுமாம்.
– ஒன்றரைக்கு மேல்: பாட்டு, மேப், ரிவர்ஸ். அந்த வேகம் எனக்கு ஆகாது.

இவரிடம் சொன்னேன். "சின்னதே போதும்ட்டி. நீ மட்டும்தான போவ?"
அப்போ பயிற்சிக்கு? பெண்டாட்டி ஓட்ட, பின்னால் உட்கார்ந்து ஊர் வழியே போக வெட்கம். எனக்குத் தெரியாதா.

ஜூன் 21, சனி

மழை இல்லை. பேய்க்காற்று. பக்கத்து வீட்டு டீச்சரின் சின்ன வண்டியை இரவல் வாங்கி, கீழப்பாவூர் நரசிம்மர் கோவில். பறந்தது. இதுவே போதுமோ என்றுகூட ஒரு சபலம்.

திரும்பும்போது எதிர்காற்று. பாவூர்சத்திரத்தில் சார்ஜ் தீர்ந்து வண்டி படுத்துவிட்டது. டீக்கடை அண்ணாச்சி பிளக்கைக் காட்டினார். சார்ஜ் ஏறும்வரை டீயும் வடையும்.

வீட்டில் இவர்: "சாரல் மாசத்துல காத்து எங்கிட்டிருந்து அடிக்குன்னு பாக்காமலா கெளம்புன?" விழுந்து விழுந்து சிரித்தார். நோய் வந்த பிறகு இன்றுதான் சிரிக்கிறார். வண்டி நின்றதில் எனக்கு வருத்தமே இல்லை.

நினைவில் வைக்க: கடையில் சொல்லும் தூரத்தை அப்படியே நம்பாதே. காற்று, மேடு, ஆள், மூன்றுக்கும் கழி.

ஜூன் 23, திங்கள்

லட்ச ரூபாய் வண்டி, ட்ரையல். குற்றாலம் ரோடு. மேடு, எதிர்காற்று இரண்டும் உண்டு. இவர் வரமாட்டேன் என்றுவிட்டார். பின்சீட்டில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை இரண்டு, கயிற்றால் கட்டி. கடைத் தம்பி: "எக்கா, ட்ரையலுக்கு மூட்டையோட வந்த ஆளு நீங்கதான்."
முக்காமல் ஏறியது. சாரலில் அரிசிதான் நனைந்துவிட்டது.

வீட்டில் இறக்கும்போது இவர் வாசலில்.
"இது என்னத்துக்கு?"
"உங்க எடைக்கு."
வாய் தவறி வந்துவிட்டது. மூட்டைகளையே பார்த்தார். "அம்புட்டுதானா நான்?"
உள்ளே போய்ப் படுத்தவர் சாப்பிட வரவில்லை. அடுப்படியில் அழுதேன்.

ஜூன் 24, செவ்வாய்

சாரல். அரிசி உலர்த்த வழியில்லை. எழுந்து பார்த்தால் இவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு நிற்கிறார். "கடைக்குப் போவோம்." ஆட்டோவில் போனோம். பாட்டுப் பாடும் வண்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேற்று நான் ஓட்டியதன் பக்கத்தில் கம்பை ஊன்றி நின்று, பின்சீட்டை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். பிறகு கடைத் தம்பியிடம்:

"மூட்டைய இவ கயித்துல கட்டிட்டா. எனக்குப் பிடிச்சிக்கிட கம்பி உண்டுமா தம்பி?"